காவிரிக்கரையில் டென்ட் போடப் போகிறீர்களா? முதலில் அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள்

ஒகேனக்கலில் இருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டியே காரில் போக வேண்டும் என்பது அப்பாவின் ரொம்ப நாள் ஆசை. வீட்டுக்காரர் வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்கு விடுமுறை கிடைக்கும் என்று காத்திருந்தால் அப்பாவுக்கு முழங்கால் வலி முற்றிவிடும் போலிருந்தது. சரி, நானே ஓட்டுகிறேன் என்று காலாண்டு விடுமுறையில் அப்பாவையும் ஏழாவது படிக்கும் மகளையும் இரண்டாவது படிக்கும் மகனையும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தில் இருந்து கிளம்பினேன். கிளம்புவதற்கு முன் நிறையத் தேடிப் படித்தேன். எங்கே மீன் வறுவல் நன்றாக இருக்கும், எந்தப் படித்துறையில் குளிக்கலாம், எங்கே நின்றால் போட்டோ நன்றாக வரும் என்றெல்லாம் கொட்டிக் கிடந்தது. ஆற்றங்கரையில் இரவு தங்குவதைப் பற்றி உருப்படியாக ஒரு வரி கிடைக்கவில்லை. எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை, பணம்தான் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் போனது. அடுத்து போகிறவர்களுக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கலில் எல்லாம் நன்றாகவே போனது. பரிசல் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எங்களை ஏற்றிப் போன பரிசல்காரர் திரும்பி வரும்போது, "நல்ல நேரத்துல வந்தீங்க, நாளைக்குத் தண்ணி ஏறுதாம், பரிசலை நிறுத்திடுவாங்க" என்றார். தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மறுநாள் இரவு எங்களுக்கு நடக்கப்போவது முழுக்க இருந்தது என்பது இப்போது புரிகிறது. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறந்துவிடும் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலுவைத் தாண்டித்தான் ஒகேனக்கலுக்கு வருகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது, அங்கே எத்தனை கன அடி வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பரிசலுக்குத் தடை போடுவதும் எடுப்பதும். அந்தத் தண்ணீர் அடுத்து போய்ச் சேருமிடம் மேட்டூர்.

நாங்கள் பென்னாகரம், மேச்சேரி வழியாக மேட்டூர் போனோம். அணையைப் பார்த்ததும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. 1934-ல் கட்டி முடித்தது, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று பேரன் பேத்திக்குப் பாடமே நடத்தினார். அன்றைக்கு நீர்மட்டம் 119 அடியைத் தாண்டியிருந்தது, முழு உயரம் 120 அடி. கடல் மாதிரி தளும்பிக்கொண்டிருந்தது. 'அடேயப்பா, எவ்வளவு தண்ணீர், டெல்டாக்காரர்கள் பிழைத்தார்கள்' என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். கீழே ஆற்றங்கரையில் தங்கப் போகிறவர்கள் அந்த எண்ணை வேறு மாதிரி படிக்க வேண்டும். அணையில் இடம் இருக்கும்வரை மேலே இருந்து வருகிற வெள்ளத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பிவிட்டால் வருவதை அப்படியே வெளியே அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது, பதினாறு கண் மதகு இருப்பதே அதற்குத்தான். ஆக, அணை நிரம்பி நிற்கும் நாளில் கீழே இருப்பவருக்கு நடுவில் அணையே இல்லாத கணக்குதான். பரிசல்காரர் சொன்ன "நாளைக்கு ஏறுற தண்ணி" மேட்டூரில் நிற்கப்போவதில்லை, எங்களைத் தேடித்தான் வரப்போகிறது.

நாங்கள் பதிவு செய்திருந்த முகாம் மேட்டூருக்கும் பவானிக்கும் நடுவில், ஒரு கதவணைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. பெயர் வேண்டாம். இந்தப் பகுதியில் மின்சாரம் எடுப்பதற்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் உண்டு. மேலே எவ்வளவு வருகிறது, எந்த ஷட்டரை எப்போது ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆற்றின் மட்டம் மாறிக்கொண்டே இருக்கும், சில சமயம் பகலிலேயே கண்ணெதிரில் மாறும். உங்கள் தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கு ராத்திரி எங்களுக்கு மேலே ஒரு பொட்டு மேகம் கிடையாது, மகள் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இடம் பார்க்க அருமையாகத்தான் இருந்தது. கரையில் தென்னந்தோப்பு, அதில் சமையல் கொட்டகையும் கழிவறையும். டென்ட் மட்டும் தோப்பில் இல்லை. கீழே இறங்கி, கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிய ஒரு சிறு வாய்க்காலைத் தாண்டினால் மணலும் பாறையுமாக ஒரு திட்டு, அதில் போட்டிருந்தார்கள். போட்டோவில் காட்டியதும் அதுதான், நாலா பக்கமும் தண்ணீர். காரைத் தோப்பை ஒட்டிய மணல் சரிவில் நிறுத்தச் சொன்னார்கள். தண்ணீர் ஏறுமா என்று நான் கேட்டேன். "மேல அணை இருக்குதுங்களே மேடம், அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்றார் அங்கிருந்த பையன். இரவு சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, காலையில் டீயோடு வருகிறோம் என்று சொல்லி எல்லோரும் பைக்கில் போய்விட்டார்கள். அன்றைக்கு எங்களைத் தவிர வேறு விருந்தினர் யாரும் கிடையாது. போனில் ஒரு புள்ளி சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

இரவு ஒன்றரை, இரண்டு மணி இருக்கும், அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். "பாப்பா, சத்தம் நின்னு போச்சு, கவனிச்சியா?" எனக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் விளங்கவில்லை. படுக்கும்போது கற்களில் மோதி சலசலவென்று ஓடிய ஆறு அமைதியாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சத்தம் போட்டுக்கொண்டிருந்த கற்களுக்கு மேல் தண்ணீர் ஏறி ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் சத்தம் இல்லை. வெள்ளம் என்றால் இரைச்சலோடு சுவர் மாதிரி வரும் என்று சினிமாவில் பார்த்துப் பழகியிருக்கிறோம், சமவெளியில் அது இப்படிச் சத்தமில்லாமலும் வரும். தண்ணீரின் நிறமும் மாறியிருந்தது, சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து போயின. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலே கிளம்பிவிட வேண்டும்: சத்தம் மாறுவது, தெளிவாக இருந்தது கலங்குவது, குப்பை மிதந்து வருவது. படுக்கப் போகும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்ப்பது மீன்பிடிப்பவர்கள் செய்கிற காரியம், காசு செலவில்லை.

கரைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த வாய்க்கால் என் முழங்காலுக்கு வந்திருந்தது. அகலம் ஒரு பஸ்ஸின் நீளத்துக்கு மேல் இருக்காது, ஆனால் இழுப்பு இருந்தது. டென்டை மடிப்பதா, பையை எடுப்பதா என்று மகள் கேட்டாள், ஒன்றும் வேண்டாம் வா என்று கத்தினேன், அவளிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. மகனை முதுகில் ஏற்றித் துப்பட்டாவால் கட்டிக்கொண்டேன். அப்பா சின்ன வயதில் ஆற்றில் புழங்கியவர், அவர் சொன்னபடி செய்தோம். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர வேண்டும். கனமான ஆள் மேல்பக்கம், அவருக்குப் பின்னால் மறைவில் குழந்தை. ஒரு காலைப் பதித்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுக்க வேண்டும், டென்ட் கம்பியோ தடியோ ஊன்றிக்கொண்டால் மூன்றாவது கால். செருப்பைக் கழற்றாதீர்கள், அப்பாவின் செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்று, உடைந்த பாட்டில் ஒன்று அவருடைய உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. இருட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, கரையேறிய பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தேன். நாங்கள் கரையேறி அரை மணி நேரத்தில் அந்த வாய்க்காலில் என் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தால் கடந்திருக்கவே முடியாது. அப்படி ஒருவேளை மாட்டிக்கொண்டால் இறங்காதீர்கள், திட்டிலேயே இருப்பதில் உயரமான பாறையில் ஏறி 112-க்கோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கோ அடித்துக்கொண்டே இருங்கள். நான் 112-க்கு அடித்தது மூன்றாவது முறையோ நாலாவது முறையோ கிடைத்தது. இடம் சொல்லத் தெரியவில்லை, "பவானி ரோடு, தென்னந்தோப்பு" என்றே உளறினேன். எந்த ஊராட்சி, பக்கத்தில் எந்தக் கோவில் அல்லது பள்ளிக்கூடம் என்று சாயங்காலமே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரை எடுக்கலாம் என்று ஓடினால் முன்சக்கரம் பாதி தண்ணீரில், பின்சக்கரம் மணலில் சுற்றுகிறது. விட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன். அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் சொல்வேன். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் கார் மிதக்க ஆரம்பிக்கும், இரண்டடி என்றால் பெரிய வண்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். காருக்குள் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாதுகாப்பாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

விடியும்போது டார்ச் வெளிச்சத்தோடு இரண்டு மீன்பிடிப்பவர்கள் வந்தார்கள். அதில் பெரியவர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்கம்மா, ஆத்துக்குள்ளயா படுத்திருந்தீங்க? நேத்து பொழுது சாயயிலயே தண்டோரா போட்டாங்களே!" தண்டோரா ஊருக்குள் போட்டிருக்கிறார்கள். 15 ஆயிரம் கன அடி போய்க்கொண்டிருந்ததை 40 ஆயிரமாக உயர்த்துகிறார்கள், கரையோரம் இருப்பவர்கள் பத்திரம் என்று. ஒரு கன அடி என்றால் நொடிக்கு சுமார் 28 லிட்டர், 40 ஆயிரம் என்றால் நொடிக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல். வருவாய்த் துறை, நீர்வளத் துறை எல்லாம் அவர்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். தோப்புக்குள் அந்தச் சத்தம் எட்டவில்லை. ஊரில் தங்கியிருக்கும் முகாம்காரர்களின் காதில் கட்டாயம் விழுந்திருக்கும்.

அந்தப் பெரியவர் எனக்கு ஒன்று காட்டினார், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அவர்களுடைய பரிசல்கள் தோப்புக்கும் மேலே, ஒரு பனைமரத்தடியில் கவிழ்த்துக் கிடந்தன. முந்தின நாள் மாலை நானும் பார்த்தேன், 'இவ்வளவு தூரம் எதற்குத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறார்கள்' என்று மகன் கேட்கக்கூடச் செய்தான். தினமும் புழங்குகிற ஆட்கள் தங்கள் பரிசலைக்கூட வைக்க நம்பாத இடத்தில்தான் எங்கள் டென்ட் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஆள் உயரம் இருக்கும். அப்புறம் புதரைக் காட்டினார். கரையோரச் செடிகளின் கிளைகளில் என் தலைக்கு மேலே வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் சிக்கிக் காய்ந்து தொங்கின, அதெல்லாம் முன்பு வந்த வெள்ளம் விட்டுப் போனது. பாறையில் வெளுத்த பகுதிக்கும் கறுத்த பகுதிக்கும் நடுவே ஒரு கோடு தெரிகிறது இல்லையா, அதுவும் அப்படித்தான். அந்தக் குப்பைக்கும் அந்தக் கோட்டுக்கும் கீழே எங்கே டென்ட் போட்டாலும் அது ஆற்றுக்குள் போட்ட கணக்கு. இன்னொன்று, ஆற்றுப் படுகையும் திட்டும் அரசுப் புறம்போக்கு, யாரும் அதைப் படுக்க வாடகைக்கு விட முடியாது. பதிவு செய்யும்போதே "டென்ட் போடுவது பட்டா நிலத்திலா?" என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். மணல் அள்ளிய குழிகள் இருக்கும் பகுதி என்றால் குளிக்கவும் இறங்காதீர்கள், மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், அடுத்த அடி ஆழம் தெரியாது.

இனி காசு கதை. காலையில் 108-ல் அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். தையல் போட்டு டிடி ஊசியும் போட்டார்கள், செலவு ஒரு ரூபாய் கிடையாது, நர்ஸம்மா பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வேறு வாங்கித் தந்தார். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை, கண்ணாடி, போன் எல்லாம் டென்டோடு போயிருந்தது. மருந்துச் சீட்டின் படம் என் போனில் இருந்ததால் மாத்திரை கிடைத்தது. வெள்ளத் தண்ணீரில் காயத்தோடு நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அங்கேதான் எச்சரித்தார்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நான் அங்கே இருந்தபோது முகாம்காரர்கள் டிராக்டர் கட்டிக் காரை மேலே இழுத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பூட்டை எடுக்க வேண்டும் என்று சாவி வாங்கிப் போனவர்கள், ஓடுகிறதா பார்ப்போம் என்று ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். இருக்கையின் பாதி வரை தண்ணீர் ஏறிய வண்டி. இன்ஜினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, காற்று மாதிரி அது சுருங்காது. பிஸ்டனோடு இணைந்த கம்பி, அதாவது கனெக்டிங் ராடு, வளைந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்து, தண்ணீர் புகுந்ததற்குக் காப்பீடு உண்டு, தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த பழுதுக்குக் கிடையாது என்றார். என்னுடையது 'பம்பர் டு பம்பர்' பாலிசி, எல்லாவற்றுக்கும் பணம் வரும் என்றுதான் விற்றவர் சொன்னார். அது தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுப்பதற்கான பெயர், அவ்வளவுதான். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் பாலிசி இருக்கிறது, அதை எடுத்திருந்தால் பெரும்பகுதி வந்திருக்கும், புதுப்பிக்கும்போது விசாரித்துப் பாருங்கள். மொத்த பில் 3,12,000 ரூபாய், காப்பீட்டில் கிடைத்தது 94,000. ஈரோட்டுக்கு ஏற்றிப் போன வண்டிக்கு 5,500, டிராக்டருக்கு 2,000, அப்பாவின் போன் 14,000.

கார் தண்ணீரில் நின்றுவிட்டால் நகர்த்தும் முன்பே தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பது தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே போன் செய்து புகார் எண் வாங்குங்கள், மெக்கானிக் வந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், வண்டியைக் கட்டி இழுக்காமல் மேலே ஏற்றித்தான் கொண்டுபோகச் சொல்லுங்கள். சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள், பூட்டை எடுக்க வேண்டும் என்றால் பக்கத்தில் நின்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். உதவி செய்ய வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள், நமக்குத்தான் இரண்டு லட்சம்.

முகாம்காரர்கள் முதலில் "இயற்கைப் பேரிடருக்கு நாங்க என்ன பண்ண முடியும்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது, அதுவரை பயம்தான் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அதன் பிறகு முன்பணம் 6,000 திரும்பி வந்தது. கார் இழப்புக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பதிவு செய்தபோது அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், டென்ட் திட்டில் இருக்கும் விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது மூன்றும்தான் என் கையில் உள்ள சாட்சி, கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் முடிவு சரியில்லை என்று பட்டால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்க்க வேண்டும், அப்புறம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் செலவில்லை. சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

மிச்சப் பயணத்தை அப்பா விடவில்லை. காலில் கட்டோடு ஈரோட்டில் ரயில் ஏறிக் கொடுமுடி, கரூர், குளித்தலை வழியாகத் திருச்சி போனோம், அந்தப் பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காவிரி அவ்வப்போது தெரியும். கல்லணையில் மகள் நீர்வளத் துறை ஊழியர் ஒருவரைப் பிடித்து, இன்றைக்கு எத்தனை கன அடி, மேலே கூட்டுகிறார்களா குறைக்கிறார்களா என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னார். பூம்புகார் பாக்கி இருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் போவதாகத் திட்டம், அறை போட்டுத்தான்.